இரத்தம் குணமான பிறகு உயரம் ஏன் நின்றுபோகிறது?

தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகையோடு பிறந்த ஒரு சிறுமிக்கு ஏழு வயதில் அண்ணனின் எலும்பு மஜ்ஜை ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை வெற்றி. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவளுக்கு அதன்பின் ஒரு துளி இரத்தம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் ஆண்டுகள் போகப் போக வேறொரு கவலை வீட்டுக்குள் நுழைகிறது. மஜ்ஜை கொடுத்த அண்ணன் மளமளவென்று வளர்ந்துவிட்டான், இவள் வகுப்பில் குள்ளமானவளாகவே இருக்கிறாள். பதினான்கு வயதாகியும் வயதுக்கு வரவில்லை. இருவருக்கும் ஒரே தாய் தகப்பன், ஒரே சாப்பாடு. இப்போது இருவர் உடலிலும் ஓடும் இரத்தமும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு? ஆண் பிள்ளையின் மஜ்ஜையை ஏற்றியதால்தான் பெண் பருவமடையவில்லையோ என்று சில பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் போலத் தோன்றும் ஒரு உண்மையும் உண்டு. மாற்று சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய இரத்த அணுக்களைச் சோதித்தால் ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் அவற்றில் தெரியும். அண்ணனின் மஜ்ஜை வேர்பிடித்துவிட்டதா என்பதை மருத்துவர்கள் உறுதிசெய்யும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் பருவமடைதலைத் தீர்மானிக்கும் ஹார்மோன்களை இரத்த அணுக்கள் சுரப்பதில்லை. சினைப்பையும் தைராய்டும், மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியும் அவளுடையவையாகவே இருக்கின்றன. ஆகவே வந்து சேர்ந்த அணுக்களை விட்டுவிட்டு, அவை வருவதற்கு முன்பு அவள் உடலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு மாற்று சிகிச்சையின் அடிப்படையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு மஜ்ஜைக்குள் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், என்ற ஒருவகை அணு உண்டு. அது பிரியும்போது தன்னைப் போன்ற அணுவையும் உண்டாக்கும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று எல்லா வகை இரத்த அணுக்களாக மாறும் பிள்ளைகளையும் உண்டாக்கும். இப்படி ஒரு அணு இருப்பது 1961இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லோ என்ற இருவரின் சோதனையால் புலப்பட்டது. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜை அணுக்களை ஊசிவழியே செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றியிருந்தன. செலுத்திய அணுக்கள் கூடினால் முடிச்சுகளும் அதே விகிதத்தில் கூடின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை அணுவிலிருந்து பெருகியது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் குரோமோசோம் அடையாளங்களைக் கொண்டு உறுதிப்படுத்தினார்கள். அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1957லேயே மனிதர்களுக்கு மஜ்ஜையை நரம்புவழியே செலுத்திப் பார்த்த முடிவுகளை வெளியிட்டிருந்தார். பல தோல்விகளுக்குப் பிறகு சியாட்டிலில் அவர் குழு அதை நம்பத்தக்க சிகிச்சையாக்கியது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மஜ்ஜையைச் செலுத்துவது எளிது. இரத்தம் ஏற்றுவதைப் போலவே நரம்பில் ஏற்றினால் போதும், குருத்தணுக்கள் தாமாகவே எலும்புக்குள் போய்த் தங்கிக்கொள்ளும். கடினமான பகுதி அதற்கு முந்தைய ஒரு வாரம். நாற்று நடுவதற்கு முன் வயலில் ஏற்கெனவே மண்டிக் கிடப்பதை அழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாற்றுக்கு இடமும் இல்லை, பிழைப்பும் இல்லை. குழந்தையின் பழைய மஜ்ஜைக்கும் இதே கதிதான். அது விலகினால்தான் புதிய குருத்தணுவுக்கு இடம் கிடைக்கும். அதோடு குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றலையும் அடக்க வேண்டும், இல்லையென்றால் வந்த அணுக்களை அந்நியர் என்று அது விரட்டிவிடும். 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் ஒரு கைக்குழந்தைக்குச் சகோதரியின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டார்கள். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தை என்பதால் இந்த அழிப்பு வேலை அங்கே தேவைப்படவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு முன்தயாரிப்பு என்ற பெயரில் ஒன்று செய்தாக வேண்டும்: உடல் முழுவதும் கதிர்வீச்சு, அல்லது புசல்ஃபான் போன்ற வீரியமிக்க மருந்துகள், அல்லது இரண்டும். வயலில் தெளிக்கும் களைக்கொல்லி வரப்போடு நின்றுவிடுவதில்லை. அதுபோலவே இந்த மருந்துகளும் கதிர்களும் மஜ்ஜையை மட்டும் தேடிப் போவதில்லை. வளரும் எலும்பு, தைராய்டு, சினைப்பை, விரை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போகின்றன.

இது ஊகம்தானே, குற்றம் முன்தயாரிப்பின் மேல்தான் என்று எப்படிச் சொல்வது என்று வாசகர் கேட்கலாம். நோய் காரணமாக இருக்கலாம், மருத்துவமனையில் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது காரணமாக இருக்கலாம், பிறர் அணுக்கள் உடலில் இருப்பதே காரணமாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய யாரும் குழந்தைகளை வைத்துச் சோதனை நடத்த முடியாது. ஆனால் நோய்களின் வேறுபாடே ஓர் ஒப்பீட்டை உண்டாக்கித் தந்தது. மஜ்ஜை தானாக வற்றிப்போகும் அப்ளாஸ்டிக் அனீமியா என்ற நோயில் அழிக்க வேண்டிய மஜ்ஜை அதிகம் இருப்பதில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கினால் போதும். எனவே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை மட்டும் கொடுத்து மஜ்ஜை ஏற்றினார்கள். இரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளைகளுக்கோ அதே மருந்தோடு முழு உடல் கதிர்வீச்சும் சேர்ந்தது. சியாட்டிலில் ஜீன் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இரு சாராரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். சைக்ளோபாஸ்பமைடு மட்டும் பெற்ற பிள்ளைகள் பெரும்பாலும் இயல்பாக வளர்ந்தார்கள், இயல்பாகப் பருவமடைந்தார்கள், பலர் பின்னாளில் பிள்ளையும் பெற்றார்கள். கதிர்வீச்சும் பெற்ற பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியது, பருவமும் தடைப்பட்டது. இரு சாராரும் அந்நிய மஜ்ஜை பெற்றவர்கள், இரு சாராரும் மருத்துவமனையில் கிடந்தவர்கள். நோயின் வேறுபாட்டை விட்டால், மிஞ்சும் பெரிய வேறுபாடு முன்தயாரிப்பு மட்டுமே. இன்னொரு சான்றும் உண்டு. ஒரே வேளையில் கொடுத்துவந்த கதிர்வீச்சைச் சிறு சிறு தவணைகளாகப் பிரித்து மூன்று நான்கு நாள் கொடுக்கத் தொடங்கியபின், தைராய்டு கெடுவது குறைந்தது. தவணைகளுக்கு இடையே கிடைக்கும் சில மணி நேரத்தில் நல்ல அணுக்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்கின்றன. காரணத்தைத் தணித்தால் விளைவும் தணிகிறது என்பது வலுவான சாட்சியம்.

முழுக் குற்றமும் முன்தயாரிப்பின்மேல் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. புதிய எதிர்ப்பணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கத் தொடங்கினால் அதை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் கொடுக்கும் ஸ்டீராய்டும் வளர்ச்சியை நிறுத்தும், அட்ரீனல் சுரப்பியை உறங்கவைக்கும். முன்பே தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளின் பிட்யூட்டரி ஏற்கெனவே அடிபட்டிருக்கும். ஆனால் இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துவதில்லை. முன்தயாரிப்பு கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொது.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். கை கால் எலும்புகளின் முனைகளிலும் முதுகெலும்பின் கண்ணிகளிலும் வளர்ச்சித் தகடு என்னும் குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. பிட்யூட்டரியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோனின் ஏவலால் அந்த அடுக்கு பெருகி எலும்பை நீட்டுகிறது. பிள்ளை வளரவில்லை என்றால் ஏவல் வரவில்லையா, தகடே கெட்டுவிட்டதா என்ற கேள்வி எழுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் கருவி வெறும் அளவுகோல்தான். நிற்கும் உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் அளக்கிறார்கள். ஏவல் மட்டும் குறைந்திருந்தால் காலும் உடலும் ஒத்த விகிதத்தில் குட்டையாக இருக்க வேண்டும். முழு உடல் கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளில் பலருக்குக் கால்களைவிட உடற்பகுதி அதிகமாகக் குறுகியிருக்கிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் நேராகவே அடிபட்டன என்பதற்கு அது அடையாளம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டாலும் இவர்களில் பலர் எதிர்பார்த்த உயரத்தை முழுவதும் எட்டாததற்கும் காரணம் இதுவே. ஊசிக்குப் பலன் உண்டு, ஆனால் கெட்ட தகட்டை அது புதுப்பிக்காது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த ஹார்மோன் விட்டுவிட்டு, பெரும்பாலும் தூக்கத்தில், அலை அலையாகச் சுரக்கிறது. காலையில் ஒருமுறை எடுக்கும் இரத்தத்தில் அது இல்லாததுபோலவே இருக்கும். அதனால் ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்று குறித்துவைத்த ஒரு நோட்டு பல பரிசோதனைகளைவிடப் பயன் தரும்.

தைராய்டின் கதை எளிது. கதிர்வீச்சுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அது மெல்லச் சோர்ந்துபோகலாம். அப்போது முதலில் மாறுவது தைராய்டு ஹார்மோனின் அளவன்று. அதைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். அளவுதான் முதலில் ஏறும். ஆண்டுக்கொருமுறை செய்யும் பரிசோதனையில் இது பிடிபட்டால் தினம் ஒரு மாத்திரையில் சரிசெய்துவிடலாம். பிடிபடாவிட்டால் பிள்ளை மந்தமாகும், வளர்ச்சி நிற்கும், படிப்பில் பின்தங்கும். வீட்டிலோ பள்ளியிலோ அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டுவார்கள். கதிர்பட்ட தைராய்டில் பிற்காலத்தில் கட்டி வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் கழுத்தைத் தடவிப் பார்க்கும் வழக்கம் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும்.

பருவமடைதலில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பெரிய வேறுபாடு. விரையில் இரண்டு வேலைகளை இரண்டு வகை அணுக்கள் செய்கின்றன. விந்தணுவை உண்டாக்கும் அணுக்கள் ஓயாமல் பிரிபவை. மிகக் குறைந்த கதிர்வீச்சுக்கே மடிந்துபோகும். டெஸ்டோஸ்டீரான் சுரக்கும் லேடிக் அணுக்களோ மெதுவாகப் பிரிபவை, பல மடங்கு தாங்கும். ஆகவே மாற்று சிகிச்சை பெற்ற பையனுக்குக் குரல் உடையும், மீசை அரும்பும், ஆனால் விந்தணு இல்லாமல் போகலாம். குடும்பம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கும். மருத்துவரையே ஏமாற்றும் விஷயம் ஒன்றும் இங்கே இருக்கிறது. பையன்களின் பருவ வளர்ச்சியை விரையின் பருமனைக் கொண்டு கணிப்பது வழக்கம். அந்தப் பருமனில் பெரும்பங்கு விந்தணு உண்டாக்கும் குழல்களுடையது. அவை அழிந்தபின் விரை சிறுத்தே இருக்கும். பருவம் தொடங்கவில்லை என்று தவறாகக் கணித்துவிட வாய்ப்பு உண்டு. இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரானை அளந்துதான் உண்மையை அறிய வேண்டும்.

பெண்ணுக்கு இந்தப் பிரிவினை இல்லை. சினைமுட்டையும் அதைச் சூழ்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் அணுக்களும் ஒரே நுண்பைக்குள் சேர்ந்து இருக்கின்றன. முட்டை அழிந்தால் ஹார்மோனும் சேர்ந்தே போகும். அதுவும், ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கான முட்டைகள் அனைத்தையும் கொண்டுதான் பிறக்கிறாள். சுமார் 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும் வயதில் அவற்றில் சில லட்சம் மட்டுமே மிஞ்சும். எடின்பரோவின் ஹாமிஷ் வாலஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, 2 கிரேக்கும் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவான கதிர்வீச்சே முட்டைகளில் பாதியை அழித்துவிடும். மாற்று சிகிச்சைக்கு முழு உடல் கதிர்வீச்சு கொடுக்கும்போது வழக்கமாக மொத்தம் 12 கிரே அளவு போகிறது. எண்ணிக்கை அதிகமுள்ள சிறு வயதில் சிகிச்சை பெற்ற பெண்களில் சிலருக்கு மிஞ்சிய முட்டைகளின் துணையால் பூப்பு தானாகவே வருகிறது. வயது ஏற ஏற அந்த வாய்ப்பு சுருங்குகிறது. உயர் அளவு புசல்ஃபானும் சினைப்பைக்குக் கதிர்வீச்சுக்கு இணையான கேடு செய்கிறது. நம் சிறுமி பதினான்கு வயதிலும் வயதுக்கு வராததன் முதல் காரணம் இங்கே இருக்கலாம்.

தலசீமியாவில் சந்தேகத்துக்குரிய இரண்டாவது காரணமும் உண்டு: இரும்பு. ஆண்டுக்கணக்கில் ஏற்றிய இரத்தத்தின் இரும்பு வெளியேற வழியின்றி ஈரலிலும் இதயத்திலும் பிட்யூட்டரியிலும் படிகிறது. எது காரணம் என்பதை ஒரே இரத்தப் பரிசோதனை பிரித்துக்காட்டும். சினைப்பை கெட்டுப் பிட்யூட்டரி நன்றாக இருந்தால், வேலை நடக்கவில்லையே என்று பிட்யூட்டரி மேலும் மேலும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்களை அனுப்பும், ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தும் அவை உயர்ந்தும் இருக்கும். பிட்யூட்டரியே இரும்பால் கெட்டிருந்தால் எல்லாமே தாழ்ந்திருக்கும். இந்த வேறுபாடு சிகிச்சையையும் மாற்றும். முட்டை இருக்கிறது, ஏவல் மட்டும் இல்லை என்றால் பிற்காலத்தில் அந்த ஏவலை ஊசியாகக் கொடுத்துத் தாய்மைக்கு முயலலாம். மஜ்ஜை மாறிவிட்டதால் படிந்த இரும்பு போய்விடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தாலியின் பேசாரோ நகரில் 1980களில் தலசீமியாவுக்கு மாற்று சிகிச்சையை நிலைநாட்டிய குயிதோ லுக்கரெல்லி குழுவினர், குணமான பிள்ளைகளிடமிருந்து சீராக இரத்தம் எடுத்தே இரும்பைக் குறைத்தார்கள். புதிய மஜ்ஜை உண்டாக்கும் நல்ல இரத்தமே இரும்பை வெளியே கொண்டுவர உதவியது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகள் தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடந்துவருகிறது. ஈரல் பெருத்து நிலை முற்றிய தலசீமியா பிள்ளைகளுக்கு புசல்ஃபானுக்குப் பதில் ட்ரியோசல்ஃபான் கொடுத்து உயிரிழப்பைக் குறைத்ததாக அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்கள் அதைத் தேர்ந்தது ஈரலைக் காப்பதற்காக. அதே மருந்து சினைப்பைக்கும் புசல்ஃபானைவிடக் குறைந்த கேடு செய்வதாகப் பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன.

அப்படியானால் கதிர்வீச்சையே கைவிட்டுவிடலாமே என்பது நியாயமான கேள்வி. இரத்தப் புற்றுநோயில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஃபோரம் என்ற பன்னாட்டு ஆய்வில் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயுள்ள, 4 வயதைத் தாண்டிய 417 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு முழு உடல் கதிர்வீச்சு, மறு சாராருக்கு மருந்துகள் மட்டும். 2019இல் குலுக்கலை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டு முடிவில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 91 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 75 விழுக்காடு. இந்த எண்களுக்கு முன்னால் உயரத்துக்காகக் கதிர்வீச்சை விடுங்கள் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் தலசீமியாவில் கொல்ல வேண்டிய புற்றணு எதுவும் இல்லை. அங்கே முன்தயாரிப்பை எவ்வளவு மென்மையாக்க முடியுமோ அவ்வளவும் ஆதாயமே. நோய்க்கு ஏற்ற அளவு என்ற விவேகம் இன்றைய ஆய்வுகளின் உயிர்நாடி.

பிள்ளை பிழைத்ததே போதும், உயரமும் பூப்பும் அப்புறம் என்ற இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கிறது. சாவின் விளிம்பில் நிற்கும் பெற்றோர் அப்படிச் சொல்வது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஹார்மோன் என்பது தோற்றத்துக்கான அலங்காரம் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத பெண்ணுக்கு இருபது வயதிலேயே எலும்பு மெலியும். அதை மருந்தாகக் கொடுக்கும்போதும் மிகச் சிறிய அளவில் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்ல உயர்த்த வேண்டும்; அவசரப்பட்டால் வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொண்டு மிச்ச உயரமும் போய்விடும். இதற்கெல்லாம் திட்டம் வேண்டும். சில வாய்ப்புகளோ முன்தயாரிப்பு தொடங்கும் நாளோடு மூடிப்போகின்றன. பூப்பெய்தாத சிறுமியின் சினைப்பையிலிருந்து திசுவை எடுத்து உறையவைத்து, அவள் வளர்ந்தபின் திரும்பப் பொருத்தலாம். சிறுவயதில் இப்படிச் செய்துகொண்ட ஒரு பெண், அரிவாள் செல் சோகைக்கு மாற்று சிகிச்சை பெற்றவர், பெல்ஜியத்தில் பிள்ளை பெற்றதை 2015இல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே தலசீமியாவுக்காக ஒன்பது வயதில் திசுவைச் சேமித்துவைத்த ஒரு பெண்ணுக்கு லண்டனில் மகன் பிறந்தான். இரத்தப் புற்றுநோயில் இந்த வழி அத்தனை பத்திரமானதன்று. சேமித்த திசுவில் புற்றணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும். பருவமடைந்த பையனின் விந்தணுவைச் சேமிப்பது எளிது. சிறுவர்களின் விரைத் திசுவைச் சேமிப்பது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. 2019இல் ஒரு குரங்கிடமிருந்து அப்படிச் சேமித்த திசுவைக் கொண்டு ஒரு குட்டி பிறந்தது நம்பிக்கை தரும் முதல் அடி.

மரபணுத் திருத்தம் வந்துவிட்டதே, இனி இந்தச் சிக்கல் தீர்ந்ததுதானே என்றும் நினைக்கத் தோன்றும். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் அதையடுத்து அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்கெவி சிகிச்சையில் நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துகிறார்கள். கொடையாளர் தேவையில்லை, அந்நிய அணுக்களின் தாக்குதலும் இல்லை. ஆனால் திருத்திய அணுக்களுக்கும் இடம் வேண்டும் என்பதால் அதற்கு முன் புசல்ஃபான் கொடுத்தே ஆக வேண்டும். அறிவியலின் மிகப் புதிய சிகிச்சையும் சினைப்பைக்கு அதே பழைய விலையைக் கேட்கிறது. என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வு இப்போது வேறொரு இடத்தில் நடக்கிறது. குருத்தணுவின் மேற்பரப்பில் சி.டி.117 என்ற புரதம் இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தினால் பழைய குருத்தணுக்கள் விலகி இடம் தருகின்றன. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளிடமும் ஃபான்கோனி சோகையுள்ள பிள்ளைகளிடமும் இதைச் சோதித்து, புசல்ஃபானோ கதிர்வீச்சோ இன்றிப் புதிய மஜ்ஜை வேர்பிடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். சோதித்த பிள்ளைகள் சிலரே. அவர்களின் பருவமும் உயரமும் தெரிய இன்னும் ஆண்டுகள் ஆகும்.

அதுவரை நம் கையில் இருப்பது கண்காணிப்பு. மாற்று சிகிச்சை முடிவான அன்றே, முன்தயாரிப்பு தொடங்குவதற்கு முன்னதாகவே, பெற்றோர் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு கதிர்வீச்சு, சினைப்பைத் திசுவையோ விந்தணுவையோ சேமிக்க முடியுமா, இங்கே முடியாவிட்டால் எங்கே முடியும்? சிகிச்சைக்குப் பின் ஆறு மாதத்துக்கொருமுறை நின்ற உயரத்தையும் உட்கார்ந்த உயரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். ஆண்டுக்கொருமுறை தைராய்டுப் பரிசோதனை செய்யுங்கள். பெண்ணுக்கு 13 வயதிலும் பையனுக்கு 14 வயதிலும் பருவத்தின் அறிகுறி தெரியாவிட்டால், பார்க்கலாம் என்று காத்திருக்காமல் ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயரும் கதிர்வீச்சின் அளவும் எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்து அவளைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.